பூனைகளும் நமது மஹல்லாவும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்டு விட்டது. ஆண்டுதோறும் இவ்விடத்தில் தொழுகை, ஜகாத், பிள்ளைகளின் மதரஸாப் படிப்பு ஆகியவற்றைப் பற்றியே நாம் பேசி வந்திருக்கிறோம். இவ்வாண்டு பூனைகளைப் பற்றிப் பேச அனுமதி கேட்டபோது நிர்வாகிகளில் சிலர் புன்னகைத்தார்கள். அதில் நமக்கு வருத்தமில்லை. பேசி முடித்த பிறகும் அவர்கள் புன்னகைப்பார்களா என்று பார்ப்போம்.

2023ஆம் ஆண்டு ரமளானில் அல்ஜீரியா நாட்டில் தராவீஹ் தொழுகை நடத்திக்கொண்டிருந்த ஓர் இமாமின் மார்பின் மீது பூனையொன்று தாவி ஏறித் தோளில் அமர்ந்தது. அவர் ஓதுவதை நிறுத்தாமல் அதனைக் கையால் தாங்கி வருடிக் கொடுத்தார். அந்தக் காட்சியை உங்களில் கைபேசி வைத்திருப்பவர்கள் ஏறக்குறைய அனைவரும் பார்த்திருப்பீர்கள். நமக்கே பத்துப் பேர் அனுப்பி, மாஷா அல்லாஹ் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அதே ஆண்டு, நமது பள்ளியின் வாயிலில் சாக்கில் கட்டிப் போடப்பட்ட பூனைக்குட்டிகளை நாம் கண்டெடுத்தோம். பஜ்ருக்குக் கதவைத் திறக்க வந்த மோதினார் சாக்கு அசைவதைக் கண்டு பாம்பு என்று எண்ணி நம்மை அழைத்தார். உள்ளே ஐந்து குட்டிகள் இருந்தன. கண் திறந்து சில நாட்களே ஆகியிருக்கும். இரண்டு ஏற்கெனவே இறந்திருந்தன. அதன் பிறகும் இப்படிப் பல தடவை நடந்து விட்டது. கொண்டுவந்து போட்டவர் யார் என்று நாம் விசாரிக்கவில்லை. விசாரித்தால் நம் வீட்டுக் கதவையே தட்ட வேண்டி வருமோ என்ற அச்சம் நமக்கு இருந்தது. அதற்கான காரணத்தைச் சற்றுப் பின்னர் சொல்கிறோம்.

பள்ளிவாசலில் கொண்டுபோய் விடுவது பாவமில்லை, அங்கே யாராவது சோறு போடுவார்கள் என்று மனம் சமாதானம் சொல்லிக் கொள்கிறது. இது புதிய பழக்கமுமன்று. மிஸ்ரை ஆண்ட சுல்தான் பைபர்ஸ் (ஆட்சிக்காலம் 1260 முதல் 1277 வரை) கெய்ரோ நகரில் தமது பள்ளிக்கருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளின் உணவுக்காக வக்ஃபு செய்தார். காலப்போக்கில் தோட்டம் கைமாறி, வருமானமும் தேய்ந்து போயிற்று. ஆயினும் பூனைகளுக்கு உணவளிக்கும் கடமை நகரக் காஜியின் பொறுப்பில் தொடர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்நகரில் வாழ்ந்த ஆங்கிலேய அறிஞர் எட்வர்ட் லேன், அஸர் வேளையில் காஜி மன்றத்தின் முற்றத்தில் பூனைகள் கூட்டங்கூட்டமாகக் கூடியதையும், அவற்றுக்கு உணவு போடப்பட்டதையும் எழுதி வைத்திருக்கிறார். அவர் எழுதிய இன்னொரு செய்திதான் நம்மைச் சிந்திக்க வைத்தது. தங்கள் வீட்டுப் பூனை வேண்டாம் என்று நினைத்த கெய்ரோ மக்கள், அதனைக் கொண்டு வந்து அந்தக் காஜியின் முற்றத்தில் விட்டுவிட்டுப் போவார்களாம். அங்கே முற்றம், இங்கே ஏரியூரில் பள்ளி வாயில். அங்காவது வக்ஃபுத் தோட்டம் என்று ஒன்று இருந்தது!

அன்பார்ந்தவர்களே, இப்போது நமது குறையைச் சொல்கிறோம்.

நாம் இவ்வூருக்கு இமாமாக வந்த புதிதில், மஃரிபுக்குப் பின் ஒரு மூதாட்டி தம் பேரனை அனுப்பி ஒரு மஸ்அலா கேட்டார். அவர் வீட்டில் கேழ்வரகும் நிலக்கடலையும் மூட்டைகளாக இருந்தன. எலிக்காக ஒரு பூனை வளர்த்தார். அது ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று போடுகிறது, பூனைக்கும் கருத்தடை அறுவைச் சிகிச்சை உண்டு என்று யாரோ சொல்கிறார்கள், அது மார்க்கத்தில் கூடுமா என்பது கேள்வி. நாம் ஒரு கிதாபையும் திறக்கவில்லை. அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது ஷைத்தானின் வேலை, ஆகவே கூடாது என்று நின்ற நிலையில் சொல்லி அனுப்பினோம். அவரும் கேள்வியை அத்துடன் விட்டுவிட்டார்.

சில ஆண்டுகள் கழித்து அந்த வீட்டில் ஒரு ஃபாத்திஹாவுக்குப் போயிருந்தோம். பூனை அடுப்படியில் படுத்திருந்தது. குட்டிகள் எங்கே என்று பேச்சுவாக்கில் கேட்டோம். ஒவ்வோர் ஈற்றையும் பேரன் சாக்கில் கட்டி நாகமரைத் துறைக்குக் கொண்டுபோய், மேட்டூர் அணையின் நீர் தேங்கி நிற்கும் அந்தப் பரப்பைப் பரிசலில் கடந்து, பண்ணவாடிக் கரையில் விட்டுவிட்டு வருவதாக அந்தத் தாய் சொன்னார். ஆற்றைத் தாண்டினால் பூனை திரும்பாது என்பது இப்பக்கத்தில் எல்லோரும் அறிந்த வழக்கந்தானே! சில வேளைகளில் பரிசல் கிடைக்காமற் போனால் என்ன செய்தார்கள் என்பதை அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அவர் நம்மைக் குறை கூறவில்லை. "ஹள்ரத் சொன்னபடிதான் நடந்து வருகிறோம்" என்றார். அந்தச் சொல் இன்று வரை நம் நெஞ்சில் தைத்துக்கொண்டே இருக்கிறது.

அன்றிரவே மதரஸாக் காலத்துக் கிதாபுகளை எடுத்துப் புரட்டினோம். மன்னர் ஒளரங்கசீப் ஆலம்கீர் காலத்தில் ஆலிம்களின் குழு ஒன்று தொகுத்த ஃபதாவா ஆலம்கீரி நமது ஹனஃபி மத்ஹபுடைய பெரும் ஆதார நூல் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதன் கராஹிய்யா பாடத்தில், பிராணிகளுக்குக் காயடிப்பதில் பலன் இருந்தால் குற்றமில்லை, பலனோ தீங்கைத் தடுத்தலோ இல்லாதபோதுதான் அது ஹராம் என்ற சட்டம் இருக்கிறது. அத்தோடு நிற்கவில்லை. பூனையின் பெயரைச் சொல்லியே, பலனுக்காகவோ தீங்கைத் தடுப்பதற்காகவோ அதற்குக் காயடித்தால் குற்றமில்லை என்று தனியாகவும் கூறப்பட்டிருக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நூலில் இருக்கும் விடையை, கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே நாம் "கூடாது" என்று சொல்லியிருந்தோம்.

படைப்பை மாற்றுதல் பற்றிய வசனம் (4:119) என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். முஃபஸ்ஸிர்களில் ஒரு சாரார் அதற்குக் காயடித்தல் என்று பொருள் சொன்னது உண்மை. வேறு சாரார் அல்லாஹ்வின் மார்க்கத்தை மாற்றுவதே அதன் பொருள் என்றார்கள். நபி (ஸல்) அவர்கள் காயடிக்கப்பட்ட இரண்டு கடாக்களைக் குர்பானி கொடுத்த செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. நாமும் பக்ரீது நெருங்கினால் சந்தை சந்தையாக அலைந்து, காயடித்துக் கொழுத்த கிடாவாகத் தேடி வாங்குகிறோம். அங்கே நமக்கு இந்த வசனம் நினைவுக்கு வருவதில்லை, பூனை என்றதும் மட்டும் வந்துவிடுகிறது.

ஷாஃபிஈ மத்ஹபில் சட்டம் இறுக்கமானது. உண்ணத்தகாத பிராணிக்குக் காயடிப்பதை இமாம் நவவி (ரஹ்) போன்றோர் தடுத்திருக்கிறார்கள். நம்மிடையே அந்த மத்ஹபைச் சேர்ந்த குடும்பங்கள் தங்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது முறை. 2001இல் மறைந்த சவூதி அறிஞர் இப்னு உஸைமீன் அவர்களோ, பூனைகள் பெருகித் தொல்லையாகி, சிகிச்சையால் அவற்றுக்குக் கேடு வராது என்றிருந்தால் அது ஆகும், பிறந்த பின் கொல்வதைவிட அது மேலானது என்று கூறியிருக்கிறார். பழைய நூல்கள் பேசுவது பெரும்பாலும் ஆண் பிராணியைப் பற்றியே. பெண் பூனையின் வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சை மயக்க மருந்து வந்த பின் ஏற்பட்டது. பலன், தீங்கைத் தடுத்தல் என்ற காரணம் இரண்டுக்கும் பொருந்துகிறது என்பதே நமது புரிதல். கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டும். கத்தியும் கயிறும் கொண்டு வீட்டிலேயே செய்வது வேதனை கொடுப்பதாகும், அதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை.

இந்தச் சட்டத்தை மறுநாள் அந்தத் தாயின் வீட்டு வாசலில் நின்று சொன்னோம். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

இங்கே இன்னொன்றையும் திருத்திக்கொள்ள விரும்புகிறோம். நபி (ஸல்) அவர்களின் அங்கியின் கையில் ஒரு பூனை உறங்கியதாகவும், அதனை எழுப்ப மனமின்றிக் கையை வெட்டிவிட்டு எழுந்ததாகவும் ஒரு கதை உண்டு. நாமே பயானில் சொல்லியிருக்கிறோம். ஆதாரமுள்ள ஹதீஸ் நூல்களில் அது இல்லை. பூனையை நேசிப்பது ஈமானில் ஒரு பகுதி என்பதும் இட்டுக்கட்டப்பட்டது என்று முல்லா அலீ காரீ (ரஹ்) போன்றோர் எச்சரித்திருக்கிறார்கள். ஆதாரமான செய்திகளே போதுமான அளவு இருக்கும்போது இவை நமக்கு எதற்கு? பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்ன விடவும் இல்லாமல் சாகடித்த பெண் நரகத்துக்குரியவளானாள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அபூகதாதா (ரலி) அவர்கள் தாம் உளூச் செய்யவிருந்த தண்ணீர்ப் பாத்திரத்தைப் பூனை குடிக்கும்படி சாய்த்துக் கொடுத்ததும், அது நஜீஸ் அன்று, நம்மைச் சுற்றி வரும் வீட்டாரைப் போன்றது என்று நபிமொழியை எடுத்துக் கூறியதும் அபூதாவூத், திர்மிதீ ஆகியவற்றில் உள்ளன. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் பூனை வாய் வைத்த மிச்சம் சுத்தமானதே, வேறு தண்ணீர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது மட்டும் இலேசான மக்ரூஹ். எலியைத் தின்ற வாயோடு உடனே குடித்தால் அது வேறு. சிறுநீரோ சந்தேகமின்றி நஜீஸ். தொழுகைப் பாயின் மீது கடுவன் பூனை பீய்ச்சியடிக்கிறது என்று குறைப்பட்டுக் கொள்பவர்கள் கவனிக்கவும்: காயடித்த கடுவன்களில் பெரும்பாலானவை அந்தப் பழக்கத்தை விட்டுவிடுகின்றன.

இனி வீட்டுச் சங்கதிக்கு வருகிறோம். சாக்கில் எஞ்சிய மூன்று குட்டிகளை நம் இல்லத்தார் எடுத்துக்கொண்டார். நமக்கு ஒன்றும் தெரியாது. பசும்பால் ஊட்டினோம், வயிற்றோட்டம் கண்டது. குட்டிகளுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்வதில்லை என்பதைப் பின்னர் அறிந்தோம். ஒரு குட்டிக்கு உடல் சுட்டது. பிள்ளைக்கு வைத்திருந்த பாராசிட்டமால் மருந்தில் சில சொட்டுகள் கொடுத்தோம். மறுநாள் அதன் வாயோரம் நீலம் பாய்ந்து, மூச்சுத் திணறி இறந்து போனது. மனிதருக்குக் காய்ச்சல் தணிக்கும் அம்மருந்து பூனைக்கு விஷம். அதன் உடல் அதனை முறித்து வெளியேற்ற இயலாதது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம், நாளை உங்களில் ஒருவர் இரக்கப்பட்டு அதே தவற்றைச் செய்துவிடக் கூடாதென்பதே.

மற்ற இரண்டும் பிழைத்தன. ஒன்று கடுவன், ஒன்று பெட்டை. பெட்டைப் பூனை நான்கு ஐந்து மாதத்திலேயே சினைப் பருவம் அடையலாம். சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மீண்டும் சினைப்படும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மூட்டை எலிக்காக வளர்த்த பூனை சாக்கு நிறையக் குட்டிகளாவது இப்படித்தான். ஆகவே ஆறு மாதத்திற்குள் சிகிச்சை செய்துவிடத் தீர்மானித்தோம்.

முதலில் போன ஓரிடத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான் இங்கே மருந்து என்று சொல்லிச் சிரித்தார்கள். ஊரிலும் சிரிப்புக்குக் குறைவில்லை. ஹள்ரத் பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்யப் போகிறார் என்று தேநீர்க் கடையில் பேச்சு. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடந்து வருகிறது, அங்கே நாய் பூனைகளுக்கும் மருத்துவம் உண்டு என்று ஒரு மாணவர் சொல்ல, மூடியிட்ட கூடையில் இரண்டையும் வைத்துக் கட்டி, சேலம் வழியாகப் பேருந்து மாறி மாறிப் போனோம். நடத்துனர் ஒருவர் கூடையைப் பார்த்து, "சேவலா பாய்?" என்றார். கூடையே அவருக்குப் பதில் சொல்லிவிட்டது.

கடுவனுக்குச் சிறு காயந்தான், இரண்டொரு நாளில் ஓடியாடியது. பெட்டைக்கு வயிற்றில் தையல். காயம் ஆறப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. அதுவரை வெளியே விடாமல், தையலை நக்காதபடி கழுத்தில் பட்டை கட்டி ஓர் அறையில் வைத்திருந்தோம். சிகிச்சைக்கு முந்தைய இரவு உணவு கொடுக்கக் கூடாது என்பதையும், பால் கொடுக்கும் தாய்ப் பூனையானால் குட்டிகள் பால் மறந்த பிறகே செய்ய வேண்டும் என்பதையும் மருத்துவர் சொல்லி அனுப்பினார். வெறிநோய்த் தடுப்பூசியும் மூன்று மாத வயதுக்குப் பின் போட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

வெறிநோய் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். அது நாயால் மட்டும் வருவதன்று, பூனைக்கடியாலும் பிறாண்டலாலும் வரலாம். கடிபட்ட பிள்ளையைத் தண்ணீர் ஓதித் தரும்படி நம்மிடம் அழைத்து வருகிறீர்கள். ஓதத் தடையில்லை. ஆனால் முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்ட பிறகே நம்மிடம் வாருங்கள். ஊசி அங்கே இலவசம். நோய் முற்றிய பின் மருந்தே கிடையாது. கர்ப்பிணித் தாய்மார்கள் பூனையின் மலத்தை அள்ள வேண்டாம், அதிலிருந்து கருவைத் தாக்கும் கிருமி ஒன்று பரவக்கூடும். வீட்டில் வேறொருவர் அன்றாடம் அள்ளிப் புதைத்துவிட்டால் போதுமானது.

உணவுக்குப் பெருஞ்செலவு இல்லை. பூனை இறைச்சி தின்னும் பிராணி. பாலும் சோறும் மட்டும் போட்டால் நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும். மீன் தலை, கோழிக் கழிவு, குர்பானி நாட்களில் நாம் ஒதுக்கிவிடும் நுரையீரல் ஆகியவற்றை வேகவைத்துக் கொடுக்கலாம்.

சேலத்திலும் பெங்களூரிலும் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்துப் பெர்ஷியன் பூனை வாங்கி வரும் பழக்கம் நம் இளைஞர்களிடமும் வந்துவிட்டது. பூனையின் விலையைத் தடுத்து வந்த ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. நமது மத்ஹபில் விற்பனை செல்லும் என்றாலும், வாங்கியதைச் சடை பிடித்தவுடன் பேருந்து நிலையத்தில் விடுவதற்கு எந்தச் சட்டம் இடம் தருகிறது? வேட்டையாடியே அறியாத பிராணி அது. நாட்டுச் சட்டத்திலும், பட்டினியால் துன்புறும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. சட்டம் போட்ட நாளில் அது பணமாக இருந்திருக்கும்!

நிர்வாகத்திடம் நாம் வைக்கும் கோரிக்கை சிறியது. பைபர்ஸ் சுல்தானின் தோட்டம் நம்மிடம் இல்லை, கேட்கவுமில்லை. சிகிச்சைக்குப் பூனை கொண்டுபோக விரும்பும் ஏழைக் குடும்பத்திற்குப் பேருந்துச் செலவும் மருந்துச் செலவும் கொடுக்க, அதற்கென விரும்பித் தருவோரின் நன்கொடையைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். ஜகாத் பணத்தை இதில் தொடக்கூடாது, அதன் உரியவர்கள் வேறு. மாதம் ஒரு நாள் குறித்து நாலைந்து பூனைகளைச் சேர்த்துக் கொண்டுபோனால் ஒரு வண்டியே போதும், நாமும் உடன் வருகிறோம். பள்ளி வாயிலில் இனிச் சாக்கு வைக்க வேண்டாம். வளர்க்க முடியாதவர் பகலில், முகம் காட்டி, நம்மிடம் வந்து சொல்லட்டும். பெயரைக் கேட்டு யாரையும் தலைகுனிய வைக்க மாட்டோம். தலைகுனியும் முறை முதலில் நமக்கே வந்து போயிற்று.

அந்த மூதாட்டியின் பூனை நாம் திருத்திச் சொல்லுமுன்பே கிழமாகிவிட்டது, பிறகு இறந்தும் போயிற்று. சென்ற மாதம் அவர் பேரனிடம் ஒரு மூங்கில் கூடை கொடுத்தனுப்பினார். மூடியில் கயிறு கோத்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. நாமக்கல் போக உதவும் என்று மட்டும் சொல்லச் சொன்னாராம். கூடை நமது அறையில் இருக்கிறது, தேவைப்படுவோர் வாங்கிப் போகலாம்.

வஸ்ஸலாம்.